ஒரு பேச்சாளரை நீக்கிய மாநாடு: பாரிஸ், ஜூன் 1935

இது ஒரு சங்கத்தைப் பற்றிய நிகழ்வு ஆய்வு. இரண்டு உலகப் போர்களுக்கு இடையே பிரான்சில் இயங்கிய புரட்சிகர எழுத்தாளர் கலைஞர் சங்கமும் அதன் நண்பர்களும் சேர்ந்து நடத்திய ஒரு மாநாட்டில், மேடை ஏற வேண்டிய கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதே மாநாட்டில், மேடை ஏறவே கூடாது என்று பலர் நினைத்த எழுத்தாளர் மக்தலேன் பாஸைப் பேச விட்டார்கள். இரண்டு முடிவுகளையும் எடுத்தது ஏறத்தாழ ஒரே வட்டம்தான். அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை. பொதுவரலாற்றில் இடம்பெற்றவர்களை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். ஏற்பாட்டுக் குழுவில் இருந்த மற்றவர்களுக்கு அவர்கள் வகித்த பொறுப்பே அடையாளமாகப் போதும்.

பின்னணி

1930 நவம்பரில் சோவியத் உக்ரைனின் கார்க்கிவ் நகரில் புரட்சிகர எழுத்தாளர்களின் சர்வதேச மாநாடு கூடியது. பிரான்சிலிருந்து போன கவிஞர் லூயி அரகோனும் ஜோர்ஜ் சதூலும் அதுவரை, கனவையும் ஆழ்மனத்தையும் கலையின் ஊற்றாகக் கொண்ட சர்ரியலிசக் குழுவைச் சேர்ந்தவர்கள். குழுவின் இரண்டாவது அறிக்கையையும் பிராய்டியத்தையும் டிராட்ஸ்கியத்தையும் மறுத்து ஒரு கடிதத்தில் கையெழுத்திட்ட பிறகே அவர்கள் அங்கிருந்து திரும்பினார்கள். பாரிசில் காத்திருந்த குழுத் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோனுக்கு அது பேரிடி. 1932-இல் அரகோன் குழுவைவிட்டு முழுதாக விலகினார்.

கார்க்கிவில் வலுப்பெற்ற சர்வதேச அமைப்பின் பிரெஞ்சுக் கிளையாக 1932 மார்ச்சில் புரட்சிகர எழுத்தாளர் கலைஞர் சங்கம் பிறந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் போல் வையான்-கூத்தூரியே பொதுச் செயலாளர். எழுத்தாளர்களுடன் ஓவியர்கள், கட்டடக் கலைஞர்கள், புகைப்படக்காரர்கள், நாடகக்காரர்கள் என்று பலரும் சேர்ந்தார்கள். பிரெத்தோன், பால் எலுவார், ரெனே கிரெவெல் ஆகிய சர்ரியலிஸ்டுகளும் உள்ளே வந்தார்கள். 1933 ஜூலையில் ‘கொம்யூன்’ என்ற மாத இதழ் தொடங்கியது. ஆசிரியர் குழுவில் ஆன்றி பார்புஸ், ஆந்த்ரே ழீத், ரொமேன் ரோலான், வையான்-கூத்தூரியே. அன்றாட வேலை அரகோனிடமும் போல் நிசானிடமும் இருந்தது. “நீங்கள் யாருக்காக எழுதுகிறீர்கள்?” என்று இதழ் எழுத்தாளர்களைக் கேட்ட கேள்வியும், வந்த பதில்களை வரிக்கு வரி விமர்சித்து வெளியிட்ட விதமும் சங்கத்தின் அன்றைய மனநிலையைக் காட்டுகின்றன. பதில் சொன்னவரும் விசாரணைக் கூண்டில்தான் நிற்க வேண்டியிருந்தது.

ஹிட்லர் ஆட்சியைப் பிடித்ததும் சங்கம் தன் முதல் பெரிய கூட்டத்தை 1933 மார்ச் 21 அன்று கதே தெருவிலுள்ள மண்டபத்தில் நடத்தியது. தலைமை வகித்த ழீத் கட்சி உறுப்பினர் அல்ல. அறுபதைக் கடந்திருந்த, நாடறிந்த, வசதியான குடும்பத்து எழுத்தாளர் அவர். கட்சிக்கு வெளியே இருக்கும் பெரிய பெயர்களை முன்வரிசையில் உட்காரவைக்கும் வழக்கம் அந்தக் கூட்டத்தில் தொடங்கியது.

அதே ஆண்டு பிரெத்தோன் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். சர்ரியலிச இதழில் வெளியான ஒரு வாசகர் கடிதம் காரணம். கடிதத்தை எழுதியவர் இளம் தத்துவ ஆசிரியர் ஒருவர். சோவியத் திரைப்படங்கள் உழைப்பைத் துதிபாடுவதை அதில் அவர் கடுமையாகத் தாக்கியிருந்தார். கடிதத்தை ஏற்கவில்லை என்று எழுதித்தரச் சொன்னார்கள். பிரெத்தோன் மறுத்தார். அதற்கும் முன்னால், 1927-இல் கட்சியில் சேர்ந்த புதிதில் நடந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். எரிவாயுத் தொழிலாளர் கிளையில் அவரைப் போட்டு, இத்தாலியின் நிலைமை குறித்து ஓர் அறிக்கை தரச் சொன்னார்கள். எஃகு உற்பத்தி போன்ற புள்ளிவிவரங்கள் மட்டுமே இருக்க வேண்டும், சித்தாந்தம் கூடவே கூடாது என்று நிபந்தனை. “என்னால் முடியவில்லை” என்று முடிக்கிறார். கனவுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த கவிஞரிடம் எஃகுக் கணக்கைக் கேட்டவர்களுக்கும் அவருக்கும் இடையே இருந்த தூரம் 1935-க்குள் குறையவில்லை.

கதவு அகலத் திறந்தது

1934 பிப்ரவரி 6 அன்று பாரிசில் வலதுசாரி அமைப்புகள் நாடாளுமன்றத்தை நோக்கித் திரண்டன. துப்பாக்கிச் சூடும் உயிர்ப்பலியும் நேர்ந்தன. பிரான்சிலும் பாசிசம் வந்துவிடும் என்ற அச்சம் அன்றிரவே பரவியது. பிப்ரவரி 10 அன்று இடதுசாரிகள் ஒன்றுபட்டுப் போராட வேண்டும் என்று ஓர் அழைப்பு வெளியானது. அதை முன்னின்று திரட்டியவர்களில் பிரெத்தோனும் ஒருவர். கம்யூனிஸ்ட் கட்சியும் சோஷலிஸ்ட் கட்சியும் ஒற்றுமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது ஜூலை 27-இல்தான். ஒற்றுமைக்குக் குந்தகம் விளைவிப்பவர் என்று பின்னாளில் பழி சுமந்தவர், ஒற்றுமையை முன்கூட்டியே கேட்டவர்களில் ஒருவர்.

மார்ச்சில் பாசிச எதிர்ப்பு அறிவாளர் விழிப்புக் குழு உருவானது. சோஷலிஸ்டான மானிடவியலாளர் போல் ரிவே, ராடிக்கல் கட்சிப் பக்கம் சாய்ந்த தத்துவவாதி அலன், கம்யூனிஸ்டுகளுக்கு நெருக்கமான இயற்பியலாளர் போல் லாஞ்செவன் மூவரும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மூன்று போக்குகளும் ஒரே மேசையில் உட்கார முடியும் என்பதற்கு அது கண்முன் சாட்சி.

மாஸ்கோவிலும் காற்று மாறிக்கொண்டிருந்தது. சோவியத் நாளேடான இஸ்வெஸ்தியாவின் பாரிஸ் நிருபராக இருந்த எழுத்தாளர் இலியா எரென்பர்க் 1934 செப்டம்பரில் ஸ்டாலினுக்கு ஒரு கடிதம் எழுதினார். புரட்சிகர எழுத்தாளர் சர்வதேச அமைப்பு குறுகிய குழுவாகிவிட்டது, அதைக் கலைத்துவிட்டுப் பாசிசத்தை எதிர்க்கும் எல்லா எழுத்தாளர்களையும் சேர்க்கும் பரந்த அமைப்பு வேண்டும் என்பது அதன் சாரம். அந்த யோசனையின் விளைச்சல்களில் ஒன்றுதான் 1935 ஜூன் 21 முதல் 25 வரை பாரிசின் முத்துவாலிதே மாளிகையில் நடந்த பண்பாட்டுப் பாதுகாப்புக்கான சர்வதேச எழுத்தாளர் மாநாடு. ழீத், ஆந்த்ரே மால்ரோ, அரகோன், ழான்-ரிஷார் புளோக், லூயி கியூ முதலானோர் பிரான்ஸ் பக்கத்தில் ஏற்பாடுகளைக் கவனித்தார்கள். எரென்பர்க் பெயரளவில் விருந்தாளி, நடைமுறையில் ஏற்பாட்டாளர். பின்வரும் நிகழ்வுகளின் முடிச்சு அந்த இரட்டை வேடத்தில்தான் இருக்கிறது.

ஒரு வாரத்துக்கு முன்

எரென்பர்க்கின் கட்டுரைத் தொகுப்பு ஒன்று 1934-இல் பிரெஞ்சில் வந்திருந்தது. அதில் சர்ரியலிஸ்டுகளைப் பற்றிய பகுதி இலக்கிய விமர்சனம் என்ற எல்லையைத் தாண்டியது. இவர்களுக்கு வேலை செய்யப் பிடிக்காது, சிலர் பரம்பரைச் சொத்தையும் சிலர் மனைவி கொண்டுவந்த சீதனத்தையும் தின்கிறார்கள், பாலியல் பிறழ்வையும் கனவையும் ஆராய்வதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்கிற தொனி. படித்தவர்கள் சிரித்தார்கள். எழுதப்பட்டவர்கள் மறக்கவில்லை.

1935 வசந்தத்தில் பிரெத்தோனும் எலுவாரும் பிராகுக்குப் போய் இடதுசாரி அரங்குகளில் உரையாற்றி, நல்ல வரவேற்பு பெற்றுத் திரும்பியிருந்தார்கள். கட்சியிலிருந்து 1933-இலேயே விலக்கப்பட்டிருந்தாலும், மாநாட்டில் பேச பிரெத்தோனுக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்காக நடையாய் நடந்தவர் கிரெவெல். கம்யூனிஸ்டுகளோடும் சர்ரியலிஸ்டுகளோடும் ஒரே நேரத்தில் நட்பாக இருக்க முடியும் என்று அப்போதும் நம்பியவர் அவர்.

மாநாட்டுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும்போது, மோன்பர்னாஸ் பெருஞ்சாலையில் எரென்பர்க்கைத் தற்செயலாகக் கண்ட பிரெத்தோன், தன் பெயரைச் சொல்லிவிட்டு அவரைக் கன்னத்தில் அறைந்தார். ஒரு தடவையோடு நிற்கவில்லை.

இதை நியாயப்படுத்த இடமில்லை. எழுத்துக்கு எழுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையை ஓங்கினார். அடி வாங்கியவர் அரசின் பிரதிநிதியாக மட்டுமின்றி, நாஜிகளின் வெறுப்புக்கு இலக்கான யூதராகவும் அந்த நகரத்தில் வாழ்ந்தவர் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஆனால் நடந்தது இரண்டு தனிநபர்களுக்கு இடையே, தெருவில், மாநாட்டுக்கு வெளியே. இந்த விவரம் அடுத்த சில நாட்களில் காணாமல் போனது.

ஏற்பாட்டுக் குழுவின் முடிவு

இது சோவியத் பிரதிநிதிக் குழுவுக்கே இழைக்கப்பட்ட அவமதிப்பு என்ற நிலைப்பாட்டை எரென்பர்க் எடுத்தார். பிரெத்தோன் மேடையேறினால் சோவியத் குழு பங்கேற்காது என்பது ஏற்பாட்டாளர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. பிரெத்தோனின் பெயர் நீக்கப்பட்டது.

குழு ஏன் பணிந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. 1935 மே 2 அன்று பிரான்சும் சோவியத் ஒன்றியமும் பரஸ்பர உதவி ஒப்பந்தம் செய்திருந்தன. அந்த மாதமே, பிரான்ஸ் தன் பாதுகாப்பைப் பலப்படுத்துவதை ஸ்டாலின் ஏற்பதாக மாஸ்கோ அறிக்கை சொன்னது. நேற்றுவரை ராணுவச் செலவை எதிர்த்த பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகள் ஒரே வாரத்தில் நிலைப்பாட்டை மாற்ற வேண்டியிருந்தது. இந்தச் சூழலில் மாக்சிம் கார்க்கி வருவார் என்று விளம்பரப்படுத்தியிருந்தார்கள். உடல்நிலை காரணமாக அவர் வரப்போவதில்லை என்பது தெரிந்துவிட்டது. மீதமிருந்த சோவியத் குழுவும் போய்விட்டால் மாநாட்டின் அச்சே முறியும் என்ற பயம் நியாயமானது. செலவில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் குழு தன்னையே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. தவறு செய்தவரைக் கண்டிப்பதும், அவர் தரவிருக்கும் உரையை அழிப்பதும் ஒன்றா? பிரெத்தோனைக் கண்டித்து ஒரு வரி எழுதி, இரு தரப்பையும் வருத்தம் தெரிவிக்கச் சொல்லியிருக்கலாம். எரென்பர்க்கின் பக்கங்களும் அவதூறுதான் என்பதை ஏற்பாட்டாளர்களில் பலர் அறிவார்கள். அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. புண்பட்டவர், முறையிட்டவர், தீர்ப்பை நிர்ணயித்தவர் எல்லாம் ஒருவராகவே இருந்தார்.

கிரெவெல்

சமரசத்துக்கு ஓடியவர் கிரெவெல். பிரெத்தோனை மறுபடி சேர்க்கும்படி ஏற்பாட்டாளர்களிடம் மன்றாடிப் பார்த்தார். ஜூன் 17 இரவு அந்த முயற்சி தோற்றது. மறுநாள் விடிவதற்குள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 34. நெடுங்காலமாகக் காசநோயால் அவதிப்பட்டவர் அவர். நோய் சிறுநீரகத்துக்குப் பரவிவிட்டது என்ற செய்தியும் அதே நாட்களில்தான் அவருக்குக் கிடைத்திருந்தது. எனவே இந்தச் சாவை மாநாட்டின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியாகாது. ஒரு கட்சியின் மேல் பழி போட விரும்பியவர்களும், பழி கழுவ விரும்பியவர்களும் இந்த மனிதரைப் போதுமான அளவு பயன்படுத்திவிட்டார்கள்.

நிகழ்வு ஆய்வுக்கு வேண்டியது வேறொரு விவரம். இரு தரப்புக்கும் நம்பகமான ஒரே ஆளாக அவர் இருந்தார். அந்தப் பணியைக் குழு அவருக்கு முறையாக ஒப்படைக்கவில்லை. அதிகாரம் எதுவும் கையில் இல்லாமல், இரண்டு பக்கத்துக் கோபத்தையும் ஒற்றை ஆளாகச் சுமந்தார்.

அவரது மறைவுக்குப் பிறகு ஒரு விட்டுக்கொடுப்பு வந்தது. பிரெத்தோன் பேசக் கூடாது. ஆனால் அவர் எழுதிய உரையை எலுவார் படிக்கலாம்.

அரங்கில்

முத்துவாலிதே மாளிகை ஐந்தாம் வட்டாரத்தில், சான்-விக்தோர் தெருவில் இருக்கிறது. தொழிலாளர் கூட்டங்களுக்குப் பேர்போன, திறந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த அரங்கு. 38 நாடுகளிலிருந்து 200-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் வந்திருந்தார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட ஹைன்ரிக் மான், பெர்டோல்ட் பிரெக்ட், அன்னா செகெர்ஸ் எல்லோரும் இருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து இ. எம். ஃபார்ஸ்டரும் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் வந்தார்கள். ஜூன் வெக்கையில் அரங்கு நிரம்பி வழிந்தது.

மேடையில் பேசப்பட்டது ஒரே குரலில் இல்லை என்பது முக்கியம். ஆஸ்திரிய நாவலாசிரியர் ராபர்ட் முசில், பண்பாடு எந்த அரசியலுக்கும் கட்டுப்பட்டதல்ல என்ற பொருளில் பேசினார். வரவேற்பு மந்தம்தான், ஆனால் யாரும் தடுக்கவில்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழுலியன் பாந்தா மேற்கின் இலக்கிய மரபுக்கும் கம்யூனிஸ்டுகளின் இலக்கியக் கருத்துக்கும் இடையே பிளவு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதுவும் கேட்கப்பட்டது. பிரெக்ட் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். பண்பாடு, கண்ணியம் என்ற பேச்சு போதும், தோழர்களே, சொத்துறவுகளைப் பற்றிப் பேசுவோம் என்றார். தாராளவாதிக்கும் இடமிருந்தது, கறாரான மார்க்சியருக்கும் இடமிருந்தது. கதவுக்கு வெளியே நின்றது, மாஸ்கோவை இடது பக்கத்திலிருந்து விமர்சித்த அந்த ஒரு வகையினர் மட்டும். தூரத்தில் இருப்பவரைச் சகித்துக்கொள்வது எந்தச் சங்கத்துக்கும் சுலபம். நேற்றுவரை கூட இருந்தவர்தான் தொண்டையில் முள்.

எழுத்தாளர்கள் போரிஸ் பாஸ்டர்நாக்கும் ஐசக் பாபெலும் முதலில் சோவியத் குழுவில் இல்லை. ழீத்தும் மால்ரோவும் சோவியத் தூதரகத்தில் வற்புறுத்திக் கேட்ட பிறகு அவர்கள் அவசரமாக அனுப்பப்பட்டார்கள். தூக்கமின்மையால் வதைபட்டுக்கொண்டிருந்த பாஸ்டர்நாக் கடைசிக் கட்டத்தில் வந்து சில நிமிடங்களே பேசினார். அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. ஏற்பாட்டாளர்கள் உறுதியாகக் கேட்டால் மாஸ்கோ இறங்கி வரும் என்பதற்கு இது ஆதாரம். இதைப் பிறகு மறுபடி எடுத்துக்கொள்கிறேன்.

எலுவாருக்கு இடம் ஜூன் 24 அன்று, நிகழ்ச்சிகளின் கடைக்கோடியில் வந்தது. அவர் எழுந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. பார்வையாளர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மண்டப வாடகை நேரம் முடிகிறது, விளக்குகளை அணைக்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பும் வந்தது. அந்த உரை பிரெஞ்சு-சோவியத் ஒப்பந்தத்தையும் அதன் பேரில் தலைதூக்கிய தேசபக்திப் பேச்சையும் சாடியது. ஜெர்மனியை எதிர்ப்பது ஜெர்மானியச் சிந்தனையை எதிர்ப்பதாகிவிடக் கூடாது என்று எச்சரித்தது. “உலகை மாற்று என்றார் மார்க்ஸ், வாழ்க்கையை மாற்று என்றார் ரெம்போ, எங்களுக்கு இந்த இரண்டு முழக்கங்களும் ஒன்றே” என்று முடிந்தது. முசில் சொன்னதைவிடவும் பாந்தா சொன்னதைவிடவும் இந்த வரி மாநாட்டின் நோக்கத்துக்கு நெருக்கமானது. கேட்க அரங்கில் ஆள் குறைவு.

செர்ஜ் விவகாரம்: இன்னொரு முடிவு

விக்டர் செர்ஜ், ரஷ்ய அகதிகளின் மகனாக பிரசல்சில் பிறந்து பிரெஞ்சில் எழுதியவர். புரட்சிக்குப் பின் ரஷ்யா போய்ப் பணியாற்றி, பிறகு ஸ்டாலினை எதிர்த்தவர். 1933-இல் கைதாகி, சோவியத் ஒன்றியத்துக்குள்ளேயே ஒரென்பர்க் நகருக்குக் கடத்தப்பட்டுக் காவலில் இருந்தார். விசாரணை எதுவும் இல்லை. பண்பாட்டைப் பாதுகாக்கக் கூடிய மாநாடு, பிரெஞ்சு மொழி எழுத்தாளர் ஒருவர் சோவியத் மண்ணில் சிறைப்பட்டிருப்பதைப் பற்றி வாய் திறக்குமா என்பது வெளியே பலர் எழுப்பிய கேள்வி.

முசோலினியால் நாட்டைவிட்டு வெளியேறிய இத்தாலிய வரலாற்றாசிரியர் கயெத்தானோ சால்வெமினி தன் உரையிலேயே அந்தப் பெயரை உச்சரித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் மக்தலேன் பாஸ் இதற்காகவே பேச நேரம் கேட்டார். நேரம் தள்ளிப்போடப்பட்டுக்கொண்டே வந்தது. கடைசியில், தலைமை மேசையில் இருந்த மால்ரோவும் ழீத்தும் இடம் கொடுத்தாக வேண்டும் என்று நின்றார்கள். பாஸ் பேசினார். பெல்ஜிய எழுத்தாளர் சார்ல் பிலினியேவும் துணைக்கு எழுந்தார். கூச்சல் இருந்தது. நிக்கோலாய் திகோனவ் உள்ளிட்ட சோவியத் எழுத்தாளர்கள் பதில் சொன்னார்கள். அன்னா செகெர்ஸ், ஜெர்மன் சிறைகளில் தோழர்கள் சாகும்போது இந்த விவாதத்துக்கு இது இடமல்ல என்றார். அவர் சொன்னதில் நேர்மையான வேதனை இருந்தது. அதற்காக ஒரென்பர்கில் இருந்தவரின் பசி குறைந்துவிடாது.

மாநாடு உடையவில்லை. சோவியத் குழு வெளிநடப்புச் செய்யவில்லை. விவாதம் முடிந்து மறுபடி பண்பாட்டைப் பற்றிப் பேசினார்கள்.

மாநாட்டுக்குப் பின் ழீத் சோவியத் தூதரிடம் இது குறித்துக் கடிதம் கொடுத்தார். ஜூன் 28 அன்று மாஸ்கோவில் ஸ்டாலினைச் சந்தித்த ரொமேன் ரோலானும் செர்ஜ் பெயரை எடுத்தார். 1936 ஏப்ரலில் செர்ஜ் விடுவிக்கப்பட்டு பிரசல்ஸ் வந்து சேர்ந்தார். கையெழுத்துப் பிரதிகளைப் பறித்துக்கொண்டுதான் விட்டார்கள். அவர் எல்லையைக் கடந்த நான்கு மாதங்களில், ஸ்டாலினின் எதிராளிகளைக் கொலைக்களத்துக்கு அனுப்பிய முதல் மாஸ்கோ வழக்கு தொடங்கியது. அப்போது அவர் உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. பாரிஸ் அரங்கில் கைதட்டல் வாங்கிய பாபெல் 1939-இல் கைதாகி 1940-இல் சுடப்பட்டார்.

பின்விளைவு

1935 ஆகஸ்டில் சர்ரியலிஸ்டுகள் ஒரு துண்டறிக்கை வெளியிட்டு, ஸ்டாலின் ஆட்சியிடமும் அதைப் பின்பற்றிய கட்சியிடமும் தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று அறிவித்தார்கள். பிரெத்தோன், எலுவார், மாக்ஸ் எர்ன்ஸ்ட், தாலி, மக்ரித் எல்லோரும் கையெழுத்திட்டவர்கள். நள்ளிரவில் சில வரிசைகளே கேட்ட உரை அச்சாகி, மாநாட்டின் மற்ற உரைகளில் பெரும்பாலானவற்றைவிட நீண்ட ஆயுள் பெற்றது. எலுவார் ஒருசில ஆண்டுகளில் பிரெத்தோனைப் பிரிந்து, போர்க்காலத்தில் கட்சிக்குத் திரும்பினார். அந்தக் கதை தனி.

மாநாடு புதிய சர்வதேச எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கியது. 112 பேர் கொண்ட நிர்வாகக் குழு, 12 பேர் கொண்ட தலைமைக் குழு. பழைய சர்வதேச அமைப்பு அந்த ஆண்டே கலைக்கப்பட்டது. பாரிசில் புரட்சிகர எழுத்தாளர் கலைஞர் சங்கம் படிப்படியாகப் பண்பாட்டு இல்லம் என்ற அமைப்புக்குள் கரைந்தது. ‘கொம்யூன்’ இதழின் அட்டையிலிருந்து சங்கத்தின் பெயர் போய், பண்பாட்டுப் பாதுகாப்புக்கான பிரெஞ்சு இலக்கிய இதழ் என்ற வரி வந்தது. இடதுசாரிக் கூட்டணியான மக்கள் முன்னணி தேர்தலில் வென்ற 1936-இன் கோடையில், ரோலானின் நாடகம் பிக்காசோவின் ஓவியத்தைத் திரைச்சீலையாகக் கொண்டு அரங்கேறியது. இந்தச் சாதனைகளைச் சிறுமைப்படுத்த முடியாது. ஓவியர்களும் நாடகக்காரர்களும் அதற்கு முன் அப்படியொரு கூட்டத்தை எதிரில் பார்த்ததில்லை.

மாநாட்டைப் பார்த்தவர்களில் உருது எழுத்தாளர் சஜ்ஜாத் சாகீரும் ஒருவர். லண்டனில் இந்திய எழுத்தாளர் நண்பர்களுடன் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்துக்கான அறிக்கையை உருவாக்கிக்கொண்டிருந்தவர். 1936 ஏப்ரலில் பிரேம்சந்த் தலைமையில் லக்னோவில் அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு கூடியது. பிற்காலத்தில் தமிழகத்திலும் இலங்கையிலும் முற்போக்கு எழுத்தாளர் அமைப்புகள் அந்தக் கொடிவழியில் வந்தவை.

ழீத் 1936 கோடையில் சோவியத் ஒன்றியம் போனார். நவம்பரில் தன் ஏமாற்றத்தை எழுதி வெளியிட்டார். 1937 ஜூலையில் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினில் இரண்டாவது மாநாடு கூடியபோது, மத்ரீத் அமர்வில் ஸ்பானிய எழுத்தாளர் ஹோசே பெர்கமின் அந்த நூலைக் கண்டித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இப்போது பெயர் சொல்லித் திட்டப்படும் இடத்தில். விழிப்புக் குழுவிலும் 1936 ஜூனில் பிளவு. ஜெர்மனியிடம் எப்படி நடந்துகொள்வது என்ற கேள்வியில் லாஞ்செவன் தரப்பு தலைமையைவிட்டு வெளியேறியது. அங்கே அமைதிவாதிகள் பெரும்பான்மையாக இருந்தார்கள். எல்லாப் பிளவுகளையும் ஒரே காரணத்தில் அடக்க முடியாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

எதை மாற்றியிருக்கலாம்

முதலாவது, தெருவில் நடந்த அடிதடியைப் பிரதிநிதிக் குழுவின் கௌரவப் பிரச்சினையாக மாற்ற ஏற்பாட்டாளர்கள் இடம் கொடுத்திருக்கக் கூடாது. எரென்பர்க் தனிமனிதராகக் கோபப்பட முழு உரிமை உடையவர். அந்தக் கோபத்தின் மேல் அரசு முத்திரை குத்தப்பட்ட நிமிடத்திலிருந்து, எந்தத் தீர்வும் மாஸ்கோ விவகாரமாகிவிட்டது. அவருடைய நூலில் இருந்த அவதூறும், பிரெத்தோனின் கையும் ஒரே மேசையில் வைக்கப்பட்டிருந்தால், இருவரில் யாருமே தூய்மையாக எழுந்து போயிருக்க முடியாது. அதுதான் சமரசத்துக்கு ஏற்ற நிலை.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவரைத் தடை செய்தால் அவர் எதிராளி. ஒருவரை நள்ளிரவுக்குத் தள்ளினால் அவர் தியாகி. ஏற்பாட்டுக் குழு இரண்டையும் செய்தது. எலுவாருக்கு மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் கொடுத்திருந்தால், கைதட்டலும் கூச்சலும் கலந்து வந்திருக்கும், மறுநாள் காலையில் அரகோன் பதில் சொல்லியிருப்பார், செய்தித்தாள்கள் இரண்டையும் போட்டிருக்கும். சங்கக் கூட்டங்களில் நிகழ்ச்சி நிரல் தயாரித்த எவருக்கும் தெரியும், யாரை எப்போது பேச வைப்பது என்பதில்தான் உண்மையான தணிக்கை ஒளிந்திருக்கிறது.

கிரெவெல் விஷயத்தில், நடுவராக நிற்கக்கூடியவருக்கு ஆணையும் துணைக்கு இன்னொருவரும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

கடைசியாக, குழுவின் பயம் எவ்வளவு உண்மை? சோவியத் குழு உண்மையிலேயே கிளம்பிப் போயிருக்குமா? போயிருக்காது என்பதே என் மதிப்பீடு. எரென்பர்க் இந்த மாநாட்டுக்காக ஸ்டாலினுக்கே எழுதியவர். ஒப்பந்தத்தின் மை காயாத நேரத்தில் பாரிசில் காலியான நாற்காலிகளை வைத்துவிட்டுப் போனால் அவமானம் மாஸ்கோவுக்குத்தான். அது பாஸ்டர்நாக்கையும் பாபெலையும் கேட்டவுடன் ரயிலேற்றி அனுப்பியது. அதே அரங்கில் செர்ஜின் பெயர் முழங்கியபோதும் குழு இருக்கையைவிட்டு எழவில்லை. ஒரு கவிஞரின் உரை அதைவிடப் பெரிய ஆத்திரத்தைக் கிளப்பியிருக்கும் என்று நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஜூன் 17-க்குள் இதைக் கணித்திருக்க முடியுமா என்றால், கடினம்தான். ஆனால் மிரட்டலைச் சோதித்துப் பார்க்காமலேயே அதற்கு முழு விலையையும் கொடுத்தார்கள்.